கை பொறுக்கும் சூடு

அக்டோபர் 14, திங்கள்

சர்மிளா வந்துவிட்டாள். நேற்று திண்டுக்கல்லில் சம்பந்தி வீட்டில் வளைகாப்பு. இன்று காலையில் ஏழு மாத வயிற்றைத் தள்ளிக்கொண்டு, இரண்டு கையிலும் வளையல் குலுங்க, நம் வாசலில் வந்து இறங்கினாள். என் ஒரே மகள். தலைப்பிரசவம் முடிந்து குழந்தைக்கு மூன்று மாதம் ஆகும்வரை இனி இங்கேதான்.

இந்த டைரியும் அவள் கொண்டுவந்ததுதான். மாப்பிள்ளை ரகுராமின் கம்பெனியில் கொடுத்தார்களாம். "என்னையவே நொச்சு நொச்சுன்னு திட்டாம இதுல எழுதும்மா, என் காது மிஞ்சும்" என்கிறாள். வாய்க்கொழுப்பு. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவள் அப்பா, இவர், என்னைத்தான் கைகாட்டுவார்.

வந்ததும் தண்ணீர் கேட்டாள். போர்த் தண்ணீரை ஒரு செம்பு மொண்டு கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இளநி மாதிரி இருக்கும்மா" என்றாள். இருக்காதா பின்னே? இந்த நகரே ஒரு காலத்தில் கண்மாய்ப் பாசன வயல். அறுபது அடியிலேயே ஊற்று வந்தது. இவர் பஸ் டெப்போவில் மெக்கானிக்தான், ஆனால் வீடு கட்டும்போது வாஸ்து விஷயத்தில் ஒரு நூல் பிசகவில்லை. தண்ணீர் வடகிழக்கு மூலையில், கக்கூஸ் தொட்டி வடமேற்கு மூலையில். எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக்கும் ஒரே கொத்தனார், ஒரே கணக்கு.

பஞ்சாயத்துக் குழாயில் வாரம் இரண்டு நாள் தண்ணீர் வரும். பிளீச்சிங் பவுடர் நாற்றம் மூக்கைத் துளைக்கும். அதைப் பாத்திரம் கழுவவும் துணி துவைக்கவும் வைத்துக்கொள்கிறேன். அதைப் போய் வாயில் வைப்பார்களா?

அக்டோபர் 19, சனி

மாப்பிள்ளை போன் செய்தார். "அத்தை, சர்மிக்கு கேன் தண்ணி வாங்கிக் குடுங்க. இல்லாட்டி காய்ச்சியாவது குடுங்க. டாக்டரம்மா அழுத்திச் சொன்னாங்க."

எனக்குச் சுருக்கென்று இருந்தது. எங்கள் வீட்டுத் தண்ணீருக்கு என்ன கேடு? இந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் அவர் பெண்டாட்டி படித்தாள், வளர்ந்தாள். இருந்தாலும் மாப்பிள்ளை சொல்லைத் தட்ட முடியுமா? "சரிங்க மாப்ள, காய்ச்சியே குடுக்குறேன்" என்றேன்.

இன்றிலிருந்து காய்ச்சுகிறேன். கொப்பளித்துப் பொங்கும்வரை அடுப்பில் வைத்து, அதற்குப் பிறகு குடத்திலிருந்து இரண்டு செம்பு ஊற்றி, கை பொறுக்கும் சூட்டுக்கு விளாவித்தான் கொடுக்கிறேன். சுடச்சுடக் குடித்தால் பிள்ளைத்தாச்சிக்குச் சூடு பிடித்துக்கொள்ளும். யார் வந்து கேட்டாலும் என் மேல் ஒரு குறை சொல்ல முடியாது.

அக்டோபர் 27, ஞாயிறு

மூன்று நாளாக அடைமழை. கண்மாய் நிரம்பி மறுகால் போகிறது. கொல்லையில் ஒரு சாண் நோண்டினால் தண்ணீர் நிற்கிறது.

கிழக்குப் பக்கத்து வீடு ஆண்டாள் டீச்சருடையது. அவர் மாடியில் குடியிருக்கும் பையனுக்கு மஞ்சள் காமாலையாம். கண்ணெல்லாம் எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கிறது. தனியாக இருக்கிற பிள்ளை, பாவம். மோரில் உப்புப் போடாமல் கரைத்து இவரிடம் கொடுத்தனுப்பினேன். நான் போகவில்லை, சர்மிளாவையும் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். கிழக்கு ஜன்னல் இரண்டையும் சாத்திக் கொக்கி போட்டாயிற்று. அந்தக் காற்றே நம் வீட்டுக்குள் வரக்கூடாது.

"காத்துல வராதும்மா" என்று சிரிக்கிறாள். இவள் பெரிய டாக்டர்.

நவம்பர் 1, வெள்ளி

தீபாவளி நேற்று. மழையில் ஒரு வெடியும் வெடிக்கவில்லை. சர்மிளா ஏழு அதிரசம் தின்றாள். கண் பட்டுவிடுமென்று மாலையில் சுற்றிப்போட்டேன்.

நவம்பர் 9, சனி

செக்கப். குழந்தை நல்ல எடை, துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். நர்ஸ் கேட்டாள், "தண்ணி காய்ச்சிக் குடிக்கிறீங்களா?" "எங்கம்மா கொதிக்கக் கொதிக்க வச்சுத்தான் குடுக்குது" என்றாள் சர்மிளா. எனக்குப் பெருமையாக இருந்தது.

பஸ்ஸில் வரும்போது என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். உள்ளே ஒரு உதை. "உன்னைய மாதிரியே கோவக்காரன்மா" என்றாள். பையன்தான் என்று முடிவே கட்டிவிட்டாள்.

நவம்பர் 22, வெள்ளி

நான்கு நாளாகச் சர்மிளாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ரசம் வாசம் பட்டாலே ஓங்கரிக்கிறாள். லேசாகக் காய்ச்சலும் இருக்கிறது. "எட்டு மாசத்துல என்னம்மா வாந்தி?" என்று கேட்கிறாள். எனக்கும் இவளைச் சுமந்தபோது கடைசிவரை வாந்தி இருந்தது என்று சொன்னேன். அது பொய். பயப்படுகிறாளே என்று சொன்னேன்.

தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி, மணிக்கு ஒரு டம்ளர் வைத்துக் கொடுக்கிறேன். அது ஒன்றுதான் வயிற்றில் தங்குகிறது.

நவம்பர் 26, செவ்வாய்

காலையில் தலை பின்னிவிடும்போது முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். கண் மஞ்சள். இவரைக் கூப்பிட்டேன்.

"வண்டியெடுக்குறேன், ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார் இவர்.

நான்தான் தடுத்தேன். காமாலைக்கு இங்கிலீஷ் மருந்தே கிடையாது என்பது ஊருக்கே தெரிந்தது. பிள்ளைத்தாச்சியைப் படுக்க வைத்துக் குளுக்கோஸ் ஏற்றி ஊசி மேல் ஊசி போட்டால் உள்ளே இருக்கிற பிள்ளை என்ன ஆகும்? கண்மாய்க்கரை வைத்தியரிடம் போனோம். மாடிப் பையனுக்கும் அவர்தான் பார்த்தார். அவன் இப்போது வேலைக்கே போகிறான்.

கிழக்கு ஜன்னலை நான் ஒருநாள்கூடத் திறக்கவில்லையே! இது எப்படி வந்தது?

நவம்பர் 28, வியாழன்

விடியற்காலையில் கீழாநெல்லி பறித்து, அம்மியில் அரைத்து, வெறும் வயிற்றில் கொடுக்கிறேன். உப்பில்லை, எண்ணெயில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டே குடிக்கிறாள். "இன்னும் எத்தனை நாளும்மா?" என்கிறாள். அரைக்கிறபோது சாமி பேரைச் சொல்லிக்கொண்டே அரைக்கிறேன்.

மாப்பிள்ளையிடம் லேசான காமாலை, குறைந்துகொண்டு வருகிறது என்று சொன்னேன்.

நவம்பர் 30, சனி

குறையவில்லை. உள்ளங்கை, நகம் எல்லாம் மஞ்சள்.

டிசம்பர் 2, திங்கள்

இன்று முழுக்கத் தூங்குகிறாள். எழுப்பினால் விழிக்கிறாள், மறுபடி தூங்கிவிடுகிறாள். உடம்பு அலுப்புத்தான், தூங்கினால் தேறும் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து, "அம்மா, என் லஞ்ச் பேக்க எங்க வச்ச? பஸ் போயிரும்" என்றாள்.

"என்னடி சொல்ற?"

"ஸ்கூலுக்கு நேரமாச்சும்மா."

இவரைக் கத்திக் கூப்பிட்டேன். இவர் ஓடிப்போய் வண்டி பிடித்துவந்தார். மாப்பிள்ளைக்கும் போன் செய்தாயிற்று. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்புகிறோம்.

டிசம்பர் 4, புதன்

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாமல் இருந்தால் கத்திவிடுவேன்.

ஆண் குழந்தை. ரொம்பச் சின்னது. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். சர்மிளா இன்னும் அவனைப் பார்க்கவில்லை. கண் திறக்கவில்லை.

டாக்டரம்மா சின்ன வயசுதான். கோபம் கோபமாகப் பேசினாள். "இது தண்ணியில வர்ற காமாலைம்மா. நமக்கெல்லாம் வந்தாத் தானா போயிரும். கர்ப்பிணிகளுக்கு வந்தா ஈரலையே அடிச்சிரும். ஏன் இவ்வளவு லேட்டாக் கொண்டாந்தீங்க? தண்ணியக் காய்ச்சித்தான் குடுத்தீங்களா?"

"கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினேன். என் பிள்ளை மேல சத்தியம்" என்றேன்.

அவள் இவரைப் பார்த்தாள். இவரும், "காய்ச்சினா டாக்டர், நானே பாத்தேன்" என்றார்.

டிசம்பர் 6, வெள்ளி

சர்மிளா போய்விட்டாள்.

டிசம்பர் 21, சனி

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. குழந்தை இன்னும் ஆஸ்பத்திரியில்தான். மாப்பிள்ளை அங்கேயே கிடக்கிறார். காரியத்துக்கு வந்துவிட்டு உடனே திரும்பிப் போய்விட்டார். தாடியும் அழுக்குச் சட்டையுமாக அவரைப் பார்க்க முடியவில்லை.

சம்பந்தி ராஜாமணி மதினி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். ஒரு வார்த்தை குற்றமாகச் சொல்லவில்லை. "நம்ம தலையெழுத்து மதினி" என்றார். அவர் திட்டியிருந்தாலாவது திருப்பித் திட்டியிருப்பேன்.

வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். வளைகாப்பில் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றாள் என் சித்தி. அதுதான் சரி என்று எனக்கும் தோன்றுகிறது. காய்ச்சின தண்ணீரில் எந்தக் கிருமி பிழைக்கும்? தண்ணீர் என்று சொல்கிறவர்கள் எனக்கு அதைச் சொல்லட்டும்.

டிசம்பர் 24, செவ்வாய்

சுகாதாரத்துறையிலிருந்து ஆட்கள் வந்து எல்லா வீட்டு போரிலும் பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போனார்கள். பிடித்துக்கொண்டு போகட்டும்.

பெட்ஷீட் காயப்போட மொட்டைமாடிக்குப் போனேன். சர்மிளா படுத்திருந்தது. கொடியில் போட்டுவிட்டுத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் வரிசை முழுக்க மேலேயிருந்து தெரிந்தது. டீச்சர் வீட்டு வடமேற்கு மூலையில் அவர்கள் கக்கூஸ் தொட்டி. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் வடகிழக்கு மூலையில் எங்கள் போர். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் நீளம்கூட இல்லை. எங்கள் தொட்டிக்கு அடுத்தாற்போல் மேற்கு வீட்டுக் கலைவாணியின் போர். அவள் தொட்டிக்கு அடுத்து அவளுக்கு அடுத்த வீட்டு போர். தெருக்கோடி வரைக்கும் அப்படியே போகிறது.

ஒவ்வொரு வீட்டிலும் வாஸ்து சரியாகத்தான் இருக்கிறது. இத்தனை வருஷமாக இதே மாடியில் வற்றலும் வடகமும் காயப்போட்டிருக்கிறேன். என் கண் எங்கே போயிருந்தது?

இறங்கிவந்து இவரிடம் கேட்டேன், "நம்ம தொட்டிக்கு அடியில காங்கிரீட் போட்டாங்களா?"

"போடல. போட்டா சீக்கிரம் நெறஞ்சிரும், மண்ணா இருந்தாத்தான் உறிஞ்சும்னு கொத்தனார் சொன்னாரு. இந்த வரிசையில யாருமே போடல."

டிசம்பர் 28, சனி

எங்கள் வரிசையில் எட்டு வீட்டு போரிலும் மலக்கிருமி இருக்கிறதாம். மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள்: இந்தத் தண்ணீர் குடிக்க உகந்ததல்ல. பஞ்சாயத்துத் தண்ணீரைக் குடியுங்கள், அதிலிருக்கிற பிளீச்சிங் நாற்றம்தான் உங்களுக்குப் பாதுகாப்பு என்று சுகாதாரத்துறை ஆள் சொன்னான். இரண்டு மாதமாக அதில் என் மகள் எச்சில் தட்டைக் கழுவினேன்.

டீச்சர் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று சத்தம் போட்டேன். தெருவே கூடிவிட்டது. "உங்க மாடிக்காரன் பேண்டதத்தான் எம்பொண்ணு குடிச்சிருக்கா!" என்று கத்தினேன்.

டீச்சர் அழுதுவிட்டார். ஆனாலும் விடவில்லை. "மரகதம், வயித்தெரிச்சல்ல பேசுற. எங்க தொட்டி கட்டி ஒம்பது வருஷமாச்சு. ஒரு தடவகூட லாரி கூப்பிட்டு அள்ளினதில்ல. அவ்வளவு நல்ல தொட்டி. நெறையவே நெறையாத தொட்டி எப்படிம்மா ஒழுகும்?"

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்தினவர்! கூட்டத்தில் பாதிப்பேர் தலையை ஆட்டினார்கள். எங்கள் வீட்டுத் தொட்டியும்தான் நிறைந்ததே இல்லை. இவரே அதைப் பெருமையாகச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

திரும்பும்போது கலைவாணி நின்றிருந்தாள், இடுப்பில் சின்னவள். "நீயும் குடிக்காத, என் தொட்டி உன் போருக்குப் பக்கத்துல இருக்கு" என்றேன்.

"ஐயோ அக்கா, எங்க தண்ணி கண்ணாடியாட்டம் இருக்கு. ஒரு வாசம் கெடையாது" என்றாள்.

ஆனாலும் ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. தண்ணீர் கெட்டதாகவே இருக்கட்டும். நான் காய்ச்சினேனே? அவளுக்கு மட்டும் காய்ச்சித்தானே கொடுத்தேன்? இவரிடம் கேட்டேன். "விடு" என்றார். விடமாட்டேன். அந்த டாக்டரம்மா வந்து எனக்குப் பதில் சொல்லட்டும்.

ஜனவரி 2, வியாழன்

பேரன் வீட்டுக்கு வந்துவிட்டான். மாப்பிள்ளை கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டு, "உங்ககிட்டயே வளரட்டும் அத்தை, சர்மிக்கு அதுதான் பிடிக்கும்" என்று சொல்லி, அழுகையை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். சாயங்காலம் திண்டுக்கல்லுக்குக் கிளம்பிப் போனார்.

சர்மிளாவின் மூக்கு. கோபம் வந்தால் நெற்றியில் விழும் மடிப்பும் அவளுடையதுதான். அவள் போனபிறகு இன்றைக்குத்தான் என் நெஞ்சில் ஏதோ அசைந்தது. இவன் போதும். இவனை வைத்துக்கொண்டு மிச்ச நாளைத் தள்ளிவிடுவேன்.

இவர் கேன் தண்ணீர் வாங்கி வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் புட்டிப்பால் கலக்கச் சொல்லிக்கொடுத்தாள். தண்ணீரைக் கொதிக்க வைத்து, மூடி, ஆறவிட்டு, அதில் பவுடரைப் போடவேண்டும்.

கொதிக்க வைத்தேன். பையன் வீறிட்டு அழுகிறான். உடம்பெல்லாம் சிவந்து, மூச்சுப் பிடித்து அழுகிறான். தண்ணீர் ஆறவில்லை. புட்டியில் ஊற்றி வெளியே தொட்டுப் பார்த்தேன், சுட்டது. "இந்தா ராசா, ஆச்சு, ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே செம்பை எடுத்துக் குடத்தில் விட்டுவிட்டேன்.

புழங்குவதற்கு வைத்திருந்த போர்த் தண்ணீர்க் குடம். அரைச் செம்பு மொண்டு, புட்டியின் வாய்க்கு நேரே சாய்த்துவிட்டேன். கை பொறுக்கும் சூட்டுக்கு.

கை தானாகப் போனது. நான் சொல்லிப் போகவில்லை, சர்மிளாவுக்கு விளாவிப் பழகின கை.

செம்பு கீழே விழுந்த சத்தத்தில் இவர் ஓடிவந்தார். "என்ன ஆச்சு மரகதம்?" என்றார். ஒன்றுமில்லை, கை வழுக்கிவிட்டது என்றேன். புட்டித் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, புதிதாகக் காய்ச்சிப் பாலை நீங்களே கலக்குங்கள் என்றேன்.

ஜனவரி 3, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 4, சனி

எழுத இருக்கிறது. எழுதமாட்டேன். இவருக்கும் சொல்லமாட்டேன். "அவ காய்ச்சித்தான் குடுத்தா" என்று இன்றைக்கும் யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லட்டும்.

கேன் தண்ணீர் இருக்கிறதே, கவனமாக இருக்கலாமே என்று நாள் முழுக்க யோசித்துப் பார்த்தேன். எத்தனை நாள் கவனமாக இருப்பேன்? இவருக்கு டெப்போவில் லீவு முடிகிறது. பகலெல்லாம் நானும் அவனும்தான். அவன் அழுவான், நான் அவசரப்படுவேன். என் கையை நான் நம்பவில்லை.

ராஜாமணி மதினிக்குப் போன் செய்தேன். நாளைக்கு மகனையும் கூட்டிக்கொண்டு வரச்சொன்னேன்.

ஜனவரி 5, ஞாயிறு

பேரனைப் பார்க்கத்தான் கூப்பிட்டிருக்கிறேன் என்று நினைத்து, புதுச்சட்டையும் கிலுகிலுப்பையுமாக வந்தார்கள். அவன் துணிமணிகளை நான் ஏற்கெனவே பையில் அடுக்கி வைத்திருந்தேன்.

"புள்ளையக் கொண்டுபோயிருங்க மதினி" என்றேன்.

"என்ன மதினி சொல்றீங்க? நம்ம சர்மிளா பெத்தது, உங்க மடியிலதான வளரணும்? கொஞ்சம் தலை நிக்கட்டும், அப்பறமா…"

"என்னால முடியாது. இப்பவே கொண்டுபோங்க."

மாப்பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அத்தை, கோவமா எம்மேல? நான் ஏதும் தப்பாப் பேசிட்டனா?"

"ஒண்ணுமில்ல மாப்ள. எனக்குப் புள்ள வேண்டாம்."

"உனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சாடி?" என்று இவர் கத்தினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் என்னை 'டி' போட்டதில்லை. குழந்தை பயந்து அழுதது. தூக்கி மதினி கையில் கொடுத்தேன். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தான். விரலைப் பிரித்துவிட்டேன்.

மதினிக்கு அன்றைக்கு வராத கோபம் இன்றைக்கு வந்துவிட்டது. "பதினாறாம் நாளு உங்களக் கட்டிப்பிடிச்சு அழுதேனே மதினி! பெத்த மகளோட புள்ளைய எந்த அம்மாச்சியாவது வேண்டாம்னு சொல்லுவாளா? கல்லு மனசு உங்களுக்கு. அவன் பெருசாகிக் கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?"

"அம்மாச்சிக்குப் பிடிக்கலன்னு சொல்லுங்க" என்றேன்.

கார் போய்விட்டது. டீச்சரும் கலைவாணியும் வாசலில் நின்று பார்த்தார்கள். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டார். இன்றைக்கு இந்தத் தெருவில் எல்லார் வாயிலும் நான்தான் இருப்பேன். இருக்கட்டும்.

வந்த நாளிலிருந்து இன்றுவரை அவனுக்கு என் கையால் ஒரு வாய்கூட ஊட்டவில்லை. என் பேரனுக்கு நான் செய்தது அது ஒன்றுதான்.